வண்டியை யாரிடம் விடுவது

பட்டறை ஷட்டரை அவன் பாதி இறக்கியபோது உள்ளேயிருந்து, "கொஞ்சம் இருங்க, ஆள் இருக்கோம்" என்று குரல் வந்தது.

முந்தின நாளே வேலைக்கு விட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்த டாக்சியின் மறுபக்கத்திலிருந்து அதன் டிரைவர் எழுந்து வந்தார். சுவரோரமாக, மடியில் பையுடன், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் பார்ட்ஸ் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்து, இருவரும் காலையிலிருந்து காத்திருந்தார்களாம்.

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மெக்கானிக் என் அண்ணன்தான். காலைல கடையத் திறந்ததும் நெஞ்சு வலிச்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. பத்து மணிக்கு..."

மீதியை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கழற்றிய சக்கரத்தைத் தானே மாட்டி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார்.

டீச்சர்தான் மெதுவாக ஆரம்பித்தார். ஒருநாள் அவர் கார் கிளம்பாமல் நின்றுவிட்டது. வாங்கிய ஷோரூமில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்கள். நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று ஊரெல்லாம் விசாரித்து, ஏழு பேரைப் பார்த்து, எட்டாவதாக இங்கே வந்தார். அண்ணன் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னாராம். வண்டி ஓடியதும், இதுக்கெல்லாம் எதுக்கும்மா கூலி என்று அனுப்பிவிட்டாராம்.

"உங்களுக்குக் கவலையே இல்ல. உங்க வண்டிய அண்ணனே பாத்திருப்பாரு."

"ஆமா" என்றான் அவன்.

அது பொய். புதுக் கார் வாங்கிய இரண்டாம் வருடம், வளைவில் திரும்பும்போதெல்லாம் கீழே கடகடவென்று ஒரு சத்தம். ஷோரூமில் ஸ்டியரிங் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டுமென்றார்கள். விஷயம் தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடு தேடி வந்து, போர்ட்டிகோவில் படுத்துக் கீழே பார்த்தார். ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் மாற்றித் தருகிறேன் என்றார். அன்றைக்கு அவனுடைய மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். ஹாலிலிருந்து அவர் எட்டிப் பார்த்தபோது, எண்ணெய்க் கறையோடு தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தார் அண்ணன்.

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது? கைய எடு" என்றான் அவன் அண்ணனிடம்.

அண்ணன் சிரித்தார். பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் காரை அவர் தொட்டதே இல்லை. ஷோரூம்காரர்கள் சொன்னதையெல்லாம் மாற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. அண்ணன் காதில் அது விழுந்துவிடக் கூடாதென்று, அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போவான். இன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தியிருந்தான்.

பட்டறையைப் பூட்டிவிட்டு, அவர்கள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அண்ணன் கூடத்தில் கிடந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"உன் வண்டில ஏதோ சத்தமாமே. நின்னுடுச்சான்னு அடிக்கடி என்னக் கேப்பாரு. எங்கிட்ட ஏன் கேக்குறீங்க, தம்பிக்கு ஒரு போன் போடுங்கன்னேன். வேணாம், அவன் சங்கடப்படுவான்னாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணி."

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா" என்றாள்.

அவன் எழுந்து வாசலுக்கு வந்தான். தெருவை அடைத்துக்கொண்டு கார்கள் நின்றன. பெரும்பாலும் பழைய கார்கள். யார் யாரோ இறங்கி, அவன் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்கள். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. இனிமே நான் யார்கிட்டப் போவேன்? அண்ணன் மாதிரி ஒருத்தர் கண்ணுல பட்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. நீங்க அவரு கூடப் பொறந்தவரு, உங்களுக்குத்தான் ஆள் தெரியும்."

அவர் தன் நம்பரைச் சொல்லத் தொடங்கினார். அவன் போனை எடுத்து, ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொல்லிப் பதிந்துகொண்டான்.