ஜூலையில் சொல்லாத ஆறு வார்த்தைகள்

திலோ பெட்சோல்டுக்குத் தன் மகளின் பெயர் மறந்துபோனது ஒரு திங்கட்கிழமை காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது. ஐந்து வயசுப் பிள்ளை எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தேன் புட்டியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் நின்று விளையாட்டுக் காட்டுகிற சாதாரண மறதி இல்லை அது. அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடமே காலியாகக் கிடந்தது. அவன் மனைவி மாரென் கூடத்திலிருந்து "யூலே, ஷூ போட்டாச்சா?" என்று கத்திய பிறகுதான் திரும்பி வந்தது. திலோ கத்தியைக் கீழே வைத்தான்.

காரணம் அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் கார்னர் பந்துக்கு எகிறியபோது எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கை காதுக்கு மேலே இறங்கியது. கண்ணுக்குள் பளீரென்று ஒரு வெளிச்சம். விழுந்திருந்தால் நடுவர் விசில் ஊதியிருப்பார், டாக்டர் ஓடி வந்திருப்பார். அவன் விழவில்லை. விழாதவன் என்று பெயர் வாங்கியவன் அல்லவா! பதினான்கு வருஷம், நான்கு கிளப், எல்லாவற்றிலும் நடுத் தடுப்பாட்டக்காரன். உயரப் பந்து வந்தால் எல்ஸ்டராவ் மைதானத்தில் நாலாயிரம் பேர் "மண்டை! மண்டை!" என்று கத்துவார்கள், அவனும் மண்டையைக் கொடுப்பான். கோல் போடுகிறவனுக்குப் பத்திரிகையில் படம் வரும். தடுக்கிறவனுக்கு நெற்றியில் தையல் வரும். திலோவுக்குப் பதினேழு தையல்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் வழி தெரியவில்லை. ஒன்பது வருஷமாகப் போய்வரும் வழி. பேக்கரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, வெயில் கண்ணைக் குத்த, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மாரெனே தேடிக்கொண்டு சைக்கிளில் வந்துவிட்டாள்.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா... ரொட்டி வாங்கலாம்னு."

"கடை மூடி ஒரு மணி நேரம் ஆச்சு, திலோ."

அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. சைக்கிளைப் பின்னால் ஏற்றி, அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே காரை ஓட்டினாள். மறுநாள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளப் டாக்டர் லோசே அம்மாளுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. திலோ அவளை மேலுக்குக் கோபித்துக்கொண்டான். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. 'நீ ஆடக் கூடாது' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். தானாகச் சொல்லத்தான் அவனுக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமைதான் சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் மூன்றாம் டிவிஷனில் நிற்கலாம். தோற்றால் கீழே. இந்த நேரத்தில் தலை வலிக்கிறது என்று ஒரு தடுப்பாட்டக்காரன் போய் நிற்க முடியுமா?

வெள்ளிக்கிழமை டாக்டர் லோசே சோதனைத் தாளை எடுத்தபோதுதான் அவனுக்கு ஜூலை மாதம் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு சீசனும் தொடங்கும் முன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே சோதனை உண்டு. பத்து வார்த்தை சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நல்ல நிலையில் உன் தலை எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, பிற்பாடு அடிபட்டால் அதோடு ஒப்பிடுவார்கள். ஆட்டக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஜூலையிலேயே வேண்டுமென்று மட்டமாகச் செய்துவிட்டால், நிஜமாக அடிபட்ட பிறகும் எண் இறங்காது; யாரும் வெளியே உட்கார வைக்க மாட்டார்கள். உடை மாற்றும் அறையில் இது பரம ரகசியம், பெரிய வேடிக்கையும்கூட. அவனோடு நடுத்தடுப்பில் ஆடும் பென்னோ போன ஜூலையில் மூன்று வார்த்தைதான் சொன்னான். "பெரிசு, நீ நாலு சொல்லிட்டியா? படிப்பாளிடா நீ!" என்று முதுகில் தட்டினான். திலோவுக்குப் பத்தும் தெரியும். ஆப்பிள், ரயில், தேன், குதிரை என்று நான்கைச் சொல்லிவிட்டு, மேல்கூரையைப் பார்த்து அசடு வழிய நின்றிருந்தான். ஒற்றைக் காலில் நின்றபோது குடிகாரனைப் போல ஆடினான். நல்ல நடிகன்.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னான். அதுவும் பாதி உண்மை. "பத்துக்குப் பத்து தெரியுமே எனக்கு" என்று பீற்றிக்கொண்டான். யூலே அந்தப் பத்தையும் கயிறு தாண்டும் பாட்டாக்கிக்கொண்டாள். சுத்தியல், ஆப்பிள், ஏணி, ரயில். சாம்பல், தேன், குடை, குதிரை. பாலம், ஊசி, அவுட்! பனிக்காலம் முழுக்க வீட்டில் இதே பாட்டு.

இப்போது டாக்டர் புது வார்த்தைகள் பத்தை நிதானமாகப் படித்தார். இந்த முறை திலோ நடிக்கவில்லை. உயிரைக் கொடுத்துக் கேட்டான். பரீட்சையில் பெயிலாகிவிடுவோமோ என்று அழுகிற பையனைப் போல ஒவ்வொன்றையும் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தான். "சாவி," என்றான். "முட்டை." நெடுநேரம் கழித்து "மேகம்." அப்புறம் "கம்பளி." அவ்வளவுதான். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றான். நாற்காலியைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பான்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஜூலைல நாலு, இப்பவும் நாலு. காலும் அதே ஆட்டம்தான். உங்க மண்டை எப்பவும் இப்படித்தான் போல, திலோ! வீட்ல பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

"அப்ப... ஆடலாமா டாக்டர்?"

"ஏன் ஆடக் கூடாது? ஒரு வித்தியாசமும் இல்லையே."

அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பத்து மாதத்துக்கு முன்னால் தான் நடித்துக் காட்டிய அந்த மடையன் இன்றைக்குத் தான்தான். 'டாக்டர், ஜூலையில் சொன்னது பொய்' என்று ஒரே வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: வேறு யார் யார் பொய் சொன்னீர்கள்? நாளைக்கு ஆட வேண்டிய பதினோரு பேரையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். தவிர, தாள் சொல்வதே சரியாக இருந்துவிடட்டுமே என்று ஒரு நப்பாசை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். கார் எங்கே நிற்கிறது என்று சாவியை அமுக்கி அமுக்கித்தான் கண்டுபிடித்தான்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. பொரித்த சாசேஜ் வாசனை அவனுக்குக் குமட்டியது. கீழ்வரிசையில் வழக்கம்போலக் கிழவர் ஷோகே உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் இதே கிளப்பின் தடுப்பாட்டக்காரர். இரும்புத் தலை என்று சுவரில் படமே இருக்கிறது. இப்போது அவர் மனைவி கோட்டுப் பித்தான் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எது நம்ம அணி என்று சொல்லித்தர வேண்டும். திலோ இத்தனை வருஷமாக அவருக்குக் கையசைத்துவிட்டுப் போவான். இன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

முதல் பாதியை ஒரு புகைபோக்கியை வைத்துச் சமாளித்தான். பழைய ஆலையின் செங்கல் புகைபோக்கி நம்ம கோலுக்குப் பின்னால் தெரிகிறது. அது இருக்கிற பக்கம் நம்ம பக்கம். அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லியே ஆடினான். இரண்டு பந்தைத் தலையால் வெளியே அனுப்பினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு மைதானம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இனி ஒரு பந்து பட்டால் யூலே மறுபடி திரும்பி வர மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இடைவேளை வரை கோல் இல்லை. கோச் பூர்மெஸ்டர் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னும் நாப்பத்தஞ்சு நிமிஷம்டா மண்டை. ஒண்ணும் உள்ள விடக் கூடாது."

இரண்டாம் பாதிக்குத் திலோதான் முதலில் ஓடினான். புகைபோக்கியைப் பார்த்தான், அந்தக் கோலுக்கு முன்னால் போய் நின்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். எதிரணி கோல்கீப்பர், "என்னண்ணே, எங்க டீமுக்கு வந்துட்டீங்களா?" என்றான்.

தூரத்திலிருந்து பென்னோ கத்தினான்: "டேய் பெரிசு! பக்கம் மாறியாச்சுடா! இங்க வாடா!"

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். ஆறு வயசிலிருந்து அவனுக்குத் தெரிந்த விஷயம். திலோ பென்னோவைப் பார்த்தான், புகைபோக்கியைப் பார்த்தான். மைதானமே சிரித்துக்கொண்டிருந்தபோது கீழ்வரிசையில் ஷோகே மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அதே புகைபோக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் புரியாமல்.

திலோ நடந்தான். தன் கோலை நோக்கி அல்ல, கோட்டோரத்தை நோக்கி. பூர்மெஸ்டர் பதறினார். "எங்கடா போற? யாரு கூப்பிட்டா உன்ன?" அவன் நிற்கவில்லை. பெஞ்சின் கோடியில் இருந்த டாக்டர் லோசேயின் முன்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தான்.

"எங்க அடி?" என்று அவர் பையைத் திறந்தார்.

"சுத்தியல்," என்றான் திலோ.

"என்னது?"

"சுத்தியல், ஆப்பிள், ஏணி, ரயில்." பாட்டு தானாக வந்தது, அது ஒன்றுதான் கலையாமல் இருந்தது. "சாம்பல், தேன், குடை, குதிரை. பாலம். ஊசி." மூச்சு வாங்கியது. "ஜூலைல நீங்க படிச்சது. அன்னிக்கு எல்லாமே தெரியும் டாக்டர். வேணும்னேதான் நாலு சொன்னேன்."

டாக்டரின் முகம் வெளுத்தது. குனிந்து அவன் கன்னத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். "நேத்து படிச்சதுல ஒண்ணு சொல்லுங்க."

ஒன்றுகூட வரவில்லை.

அவர் எழுந்து கோச்சிடம் கையைச் சுழற்றினார்: ஆளை மாற்று, உடனே. மறுபடி அவன் பக்கத்தில் மண்டியிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார். "திலோ, உண்மையச் சொல்லுங்க. இத வேற யாரெல்லாம் பண்ணீங்க?"

அவன் மைதானத்தைப் பார்த்தான். யார் யார் என்ன பெயர் என்பதெல்லாம் குழம்பிக் கிடந்தது. ஆனால் இந்தப் பதிலுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

"எல்லாருந்தான்."

அப்போது எதிரணி கோல்கீப்பர் உதைத்த பந்து வானத்துக்குப் போய், திரும்பி விழத் தொடங்கியது. நாலாயிரம் பேர் "மண்டை! மண்டை!" என்று கத்தினார்கள். பென்னோ ஓடி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எகிறினான். டாக்டரின் விரல்கள் திலோவின் தோளில் பதிந்தன. இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.