பதினோரு முறை சேர்ந்தது

பதினோரு முறை. மதியம் மூன்று ஐந்துக்கும் மூன்று பதினாறுக்கும் நடுவில், நாலாம் மாடி ஏழாம் கட்டில் அம்மாள் அழைப்பு மணியின் பொத்தானைப் பதினோரு முறை அழுத்தியிருந்தார். பதினோரு வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே சொல்: ‘சேர்ந்தது’. அந்த வரிகளை ப்ரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாக விழச் செய்துவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகி என் பக்கம் திரும்பினார்.

“இன்ஜினியர் சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. அந்தம்மா அடிச்ச மணி நர்ஸ் முன்னாடி இருக்கிற போர்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?”

“சேர்ந்திருக்கு சார்.”

“மெஷின் தப்பா எழுதியிருக்க வாய்ப்பு?”

“ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட எழுதினதில்ல.”

சொல்லும்போது லேசாகச் சிரித்தேன். அந்தப் பதிலைக்கூட என்றாவது மறந்துவிடுவேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியாது.

நர்ஸ் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அறையில் நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர்ப் பட்டையைக் கழற்றி வாங்கிவிட்டார்கள்போல. அது இருந்த இடத்தில் வெள்ளைச் சட்டையில் இரண்டு ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன.

“லைட் எரியல சார். நான் போர்டுக்கு எதிர்லயேதான் உக்காந்து மருந்துக் கணக்கு எழுதிட்டிருந்தேன். எரிஞ்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?”

“அப்போ பதினோரு தடவையும் மெஷின் பொய் சொல்லுதா? பன்னண்டாவதா நீங்க மட்டும் உண்மை சொல்றீங்களா?”

அவர் நிர்வாகியிடமிருந்து முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஏழாம் கட்டில் அம்மாள் ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். யாரும் வராததால் தானே இறங்கிக் குளியலறைக்கு நடந்திருக்கிறார். வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நர்ஸை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து நாளில் முடிவு. வேலை போனால் போகட்டும், இப்படி ஒரு காரணத்தோடு போனால் வேறெந்த ஆஸ்பத்திரிக் கதவும் அவருக்குத் திறக்காது. ‘எல்லா அழைப்புகளும் முறையாகச் சேர்ந்துள்ளன’ என்ற அறிக்கை என் முன்னால் வந்தது. படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு வந்திருந்த எங்கள் மேலாளருக்கு ஆபீஸில் ‘நாளைக்கு’ என்று பெயர். எந்த வேலையாக இருந்தாலும் நாளைக்கே முடிய வேண்டும் அவருக்கு. திரும்பி வரும்போது காரில் என் தொடையில் தட்டினார்.

“ஒன்பது வருஷம்னு ஒரு போடு போட்டியே, ஆளு அசந்துட்டாரு. ஆஸ்பத்திரியோட அடுத்த கட்டட வேலையும் நமக்குத்தான்யா.”

ஆபீஸில் என் நாற்காலியில் எனக்கு முன்பே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பவள். எதையும் சலித்துவிடுவாள் என்பதால் ‘சல்லடை’. அவளுக்கு நான் ‘மேசைக்காரர்’.

“வாங்க மேசைக்காரரே. கையெழுத்தெல்லாம் போட்டாச்சா?”

“போட்டாச்சு. ஏன்?”

“நீங்க காட்டினது மணி எழுதின கணக்கு. போர்டு எழுதின கணக்கைப் பாத்தீங்களா?”

ஒரு தாளை நீட்டினாள். அதே நாள், நாலாம் மாடி போர்டு. மூன்று நான்கு வரைக்கும் வரிகள் இருந்தன. மூன்று பதினேழிலிருந்து மறுபடி வரிகள். நடுவில் ஒன்றுமில்லை, சுத்தமான வெள்ளை.

“புது அப்டேட்டை ஏத்திக்கிட்டு போர்டு பதிமூணு நிமிஷம் செத்து எந்திரிச்சிருக்கு. அந்தப் பக்கம் பதினோரு கடுதாசி போட்டிருக்காங்க. இந்தப் பக்கம் ஒண்ணுகூட எடுக்கல. அப்புறம் ‘சேர்ந்தது’ன்னு எழுதினது யாரு?”

என்னை ஏன் மேசைக்காரர் என்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடம் முன்பு அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஒரே ஒரு பெரிய கணினி இருந்தது. மணியைக் கவனிக்கும் நிரல், போர்டை எரியவைக்கும் நிரல், மருந்து நேரத்தை நினைவூட்டும் நிரல் என்று நாற்பத்திரண்டு நிரல்கள் அதற்குள் வாழ்ந்தன. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள நான் ஒரு முறையை வகுத்தேன். நடுவில் ஒரு மேசை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அதன்மேல் வை, வேண்டியவன் எடுத்துக்கொள்வான். வைத்துவிட்டால் சேர்ந்த மாதிரிதான். ஒரே அறைக்குள் மேசை எங்கே ஓடிப்போகும்? ஒன்பது வருடத்தில் ஒரு சீட்டு தொலைந்ததில்லை. அந்த மேசையைக் காட்டித்தான் எனக்கு இரண்டு பதவி உயர்வு கிடைத்தது.

பிறகு ஆஸ்பத்திரி வளர்ந்தது. மாடிக்கொரு சின்னக் கணினி, கட்டிலுக்கொரு கம்பியில்லாத மணி. ஒரே அறைக்குள் இருந்தவர்கள் ஊருக்கொருவராகப் பிரிந்த கதை. இவர்களுக்கு நடுவில் சீட்டைக் கொண்டுபோக ஒரு புதிய நெட்வொர்க் முறை வந்தது. வேகமானது, இலேசானது, பேட்டரியை மென்று தின்னாது. ஆனால் அது தபால்காரன் இல்லை, கல்லெறிகிறவன். எறிவான், அந்தப் பக்கம் ஆள் பிடித்தானா என்று பார்க்க மாட்டான். பிடித்தவன் ‘கிடைத்தது’ என்று திருப்பி எறிய வேண்டும். அது வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி எறிய வேண்டும். என் நாற்பத்திரண்டு நிரல்களில் ஒன்றுக்கும் காத்திருக்கத் தெரியாது. வைத்தால் முடிந்தது என்று அவற்றை வளர்த்தவன் நான்.

என்றாலும் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தேன். நிர்வாகி முன்னால் ஓட்டிக் காட்டிய அன்று பொத்தானை அழுத்தி, பதில் வந்து, மணியில் பச்சை விளக்கு எரிய மூன்று விநாடி ஆனது. “பழசே தேவலை போலிருக்கே” என்றார் அவர். மேசைக்கடியில் நாளைக்கு சாரின் ஷூ என் காலை மிதித்தது. டீ குடிக்கப் போன இடைவெளியில் ஒரே ஒரு வரி மாற்றினேன். கல் கையை விட்டுக் கிளம்பியதுமே ‘சேர்ந்தது’ என்று எழுதிவிடு; பதிலுக்குக் காத்திருக்காதே. பொத்தானை அழுத்திய நொடியில் பச்சை. நிர்வாகி கைதட்டினார்.

சல்லடை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரியைத் திரையில் திறந்தேன். அதன் தலைமேல் நானே எழுதிய குறிப்பு இருந்தது: ‘இப்போதைக்கு. டெமோ முடிந்ததும் எடுத்துவிடவும்.’ தேதி, எட்டு மாதத்துக்கு முந்தையது.

“போன மாசம் நான் ஒரு புகார் போட்டேன், ஞாபகம் இருக்கா?” என்றாள். “பத்தாயிரத்துல நாலு காணாமப் போகுதுன்னு. ‘சோதனை அறையில் சிக்னல் சரியில்லை’ன்னு எழுதி மூடினீங்க.”

“நாலுதானேன்னு...”

“எண்ணிக்கைல நாலு. நாலும் யாரோ ஒருத்தங்க அமுக்கின மணி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்தத் தாளை மடித்து என் விசைப்பலகைக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து போனாள். இனி உன் பாடு என்று அர்த்தம்.

அன்றே நிர்வாகிக்குப் போன் செய்திருக்க வேண்டும். அடுத்த ஒன்பது நாள் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், வேலை செய்தேன் என்று சொல்லலாம். உண்மையும்கூட. அப்படி நான் வேலை செய்ததே இல்லை. நாற்பத்திரண்டு நிரல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, காத்திருக்கக் கற்றுக்கொடுத்தேன். பதில் வராவிட்டால் மறுபடி கேள். மூன்று முறை கேட்டும் வராவிட்டால் மணியிலேயே சிவப்பைக் காட்டு, அழுத்தியவருக்காவது தெரியட்டும். ஒரே மணியை இரண்டு முறை எறிந்தாலும் போர்டு ஒன்றாகவே எண்ணட்டும். எல்லாம் ஒழுங்காக, அழகாக வந்தது. அழகாக வர வர எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: இதைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டால் இனி எந்தப் போர்டும் யாரையும் ஏமாற்றாது. அது போதாதா? பழைய கதையைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? இரண்டு ஊசித் துளைகள் கண்ணில் வந்து நிற்கும். இன்னொரு நிரலைத் திறப்பேன்.

நாளைக்கு சாரிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“திருத்திட்டல்ல?”

“திருத்திட்டேன். ஆனா அந்த நர்ஸ்...”

“சிறு திருத்தங்கள்னு போட்டு ஏத்து. நர்ஸுக்கு ஆயிரம் ஆஸ்பத்திரி இருக்கு. நமக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. நீ நல்லவனா இருக்கணும்னு ஆசைப்பட்டா, இங்க அறுபது பேரு குடும்பத்தையும் சேத்து நினைச்சுப் பாரு.”

தலையை ஆட்டினேன். வெட்கம் என்னவென்றால், ஆட்டும்போது நிம்மதியாக இருந்தது.

எட்டாம் நாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன், வேறொருவன் கதையாக. “எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இப்படிப் பண்ணிட்டான்.” அவள் முழுவதும் கேட்டாள். ஒரு கேள்விகூட நடுவில் கேட்கவில்லை, அவள் வழக்கத்துக்கு அது அதிசயம்.

“அந்த ஒருத்தன், அந்தப் பொம்பளை முகத்தைப் பாத்தானா?”

“பாத்திருப்பான்.”

“பாத்துட்டு எப்படி அவனுக்குச் சோறு இறங்குது?”

சொல்லிவிட்டு என் தட்டைப் பார்த்தாள். பிசைந்த சோறு பிசைந்தபடியே காய்ந்துகொண்டிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை நிர்வாகியின் அறைக்குள் நுழைந்தபோது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாளைக்கு சார். எடுக்கவில்லை. இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“சேரல சார். பதினொண்ணுல ஒண்ணுகூடச் சேரல. என் புரோகிராம் பொய் எழுதியிருக்கு. அப்படி எழுதச் சொன்ன வரி என்னோடது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

“அந்தப் பொண்ணு இந்த ரூம்லதான் நின்னுச்சு. நீங்களும் இங்கதான் இருந்தீங்க.”

“ஆமா சார்.”

“சரி. இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஒன்பது என்ற எண் நாக்கு நுனி வரை வந்தது. அறிக்கை என் பெயரில். குடும்பம், வேலை, அறுபது பேர், என்னென்னவோ ஒரே கணத்தில் குறுக்கே ஓடின.

“நேத்து சார்,” என்றேன்.

“நேத்து தெரிஞ்சு இன்னிக்கே வந்துட்டீங்க.” தலையை மெல்ல அசைத்தார். “தப்பு பண்றவன் இருக்கான். வந்து சொல்றவன் குறைச்சல்.” கைகூட நீட்டினார். குலுக்கினேன்.

அன்று மாலைக்குள் எல்லா மாடிகளிலும் மணியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை, திருத்திய நிரலை ஏற்றப் பெட்டியோடு நாலாம் மாடிக்குப் போனேன். போர்டு கறுப்பாகக் கிடந்தது. அதன் மூடியைத் திறந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் நின்றது.

“இன்ஜினியர் சார்தானே?”

அவர்தான். பெயர்ப் பட்டை மறுபடி சட்டையில் இருந்தது; கொஞ்சம் கோணலாக, அவசரத்தில் குத்தியதுபோல.

“வேலைக்கு வந்துட்டீங்களா?” என்றேன். எவ்வளவு மடத்தனமான கேள்வி.

“நேத்தே போன் வந்துது சார். ஆளில்ல, உடனே வாம்மான்னாங்க. ஓடி வந்துட்டேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “ஒண்ணு சொல்லவா? நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன் சார். மெஷின் பதினோரு தடவை சொல்லுதுன்னா, லைட் எரிஞ்சுதான் இருக்கும், நான்தான் எங்கயோ வெறிச்சுப் பாத்திட்டு உக்காந்திருந்தேன்னு. வீட்ல என் மாமியா கூப்பிட்டா, முதல் தடவையா ரெண்டாவது தடவையான்னு கேப்பேன். இத்தனை நாளும் கண்ணை மூடினா அந்தம்மா விழுற சத்தம். நேத்துதான் தூங்கினேன்.”

ஒயர் என் கையிலேயே இருந்தது.

“பெரிய சார் எல்லாம் சொன்னாரு. தெரிஞ்ச மறுநாளே வந்து, என் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களாமே. இந்தக் காலத்துல யாரு சார் வருவா? எங்க வீட்டுக்காரர்கூட உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.”

அவர் கைகூப்பினார். எனக்கு. நான் ஒயரைக் கீழே வைத்தேன். முகம் எரிந்தது, காது வரைக்கும் எரிந்தது.

“சிஸ்டர், நேத்து இல்ல. எனக்கு முன்னாடியே...”

டங், டங், டங்.

தாழ்வாரத்தின் கோடியிலிருந்து சத்தம். மணி வேலை செய்யாததால் கட்டிலுக்கு ஒரு டம்ளரும் கரண்டியும் கொடுத்திருந்தார்கள். கரண்டியைக் கட்டுத்துணியால் கட்டிலின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ தட்டினார்கள்.

“இதோ வரேன்!” முதலில் குரல் கிளம்பியது, பிறகுதான் கால்கள். பாதி ஓட்டத்தில் மறுபடியும், “வந்துட்டேம்மா, வந்துட்டேன், இறங்கிடாதீங்க!”

நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திருப்பத்தில் வெள்ளைச் சட்டை மறைந்தது. தட்டும் சத்தம் நின்றது. திறந்திருந்த கதவுகள் வழியாக, யாரும் தொடாத கரண்டிகள் ஃபேன் காற்றில் கம்பிகளோரம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.