பிரதரும் சிஸ்டரும்

"உங்க அண்ணன் என்னை இன்னும் சிஸ்டர்னுதான் கூப்பிடறார், ஜெனி."

"அவன் தொட்டில்ல கிடக்கிற பாப்பாவையே சிஸ்டர்னுதான் கூப்பிடுவான். விட்டா கல்யாண மேடையில நிக்கிற பொண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவான். போன்ல அழாதடி. நேர்ல வந்து வாயைத் திறந்து சொல்லு."

தோழியோடு பேசிய அந்தப் பேச்சுதான் டெபோராவை வால்பாறையிலிருந்து பெருங்களத்தூர்வரை இழுத்து வந்திருந்தது. பி.எட். படித்த காலத்தில் ஜெனியோடு சர்ச் வாலிபர் முகாமுக்குப் போன இடத்தில் அவள் அண்ணன் ஜெர்சனைப் பார்த்தாள். அங்கே ஆண்கள் எல்லாரும் பிரதர், பெண்கள் எல்லாரும் சிஸ்டர். முகாம் முடிந்தது; வார்த்தை மட்டும் முடியவில்லை. அடுத்த வாரம் ஞாயிறன்று அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஜெர்சன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க வாய் வரவில்லை. சாயங்காலம் அண்ணனும் தங்கையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைகளைக் காட்டினார்கள். லாரிகள் இரையும் சாலையை ஒட்டிய சேற்று நீரில் அத்தனை இளஞ்சிவப்பு. ஏதோ ஒரு சத்தத்துக்கு அவை மொத்தமாக எழும்பியபோது, வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோல இருந்தது. "சிஸ்டர், அங்க பாருங்க" என்றான் ஜெர்சன். பூநாரைமேல்கூட அவளுக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்பே திரும்பிவிடலாம் என்று, விடியும்போது கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். இறால் வாங்குகிறேன் என்று ஜெனி மீன் ஏலக் கூட்டத்துக்குள் வேண்டுமென்றே தொலைந்துபோனாள்.

டெபோரா கடலைப் பார்த்தாள். மலையிலேயே வளர்ந்தவளுக்குப் பெரியவை எல்லாம் அசையாமல் நிற்கும் என்றுதான் பழக்கம். இங்கே மலையே எழுந்து நடந்து வந்தது. வந்து, கால்விரலைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போனது. தூரத்தில் ஒரு படகு அலையின் முதுகில் ஏறி, மறுபக்கம் காணாமல்போய், மூச்சுப் பிடித்து அவள் நின்ற நேரத்தில் மறுபடி மேலே வந்தது. அவள் கண் கலங்கியிருந்தாள்.

பக்கத்தில் நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள்.

"இன்னா சார், வூட்டுக்காரம்மா கடலை இப்பத்தான் பாக்குதா?"

ஜெர்சனுக்குக் காதுவரை சிவந்தது. "இல்லக்கா. இவங்க சிஸ்டர்."

"கூடப் பொறந்ததா? ஜாடையே இல்லியே."

"இல்ல, சர்ச் சிஸ்டர்."

அவ்வளவுதான். கரையில் மாதா கோயில் உள்ள ஊர். அங்கே சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரிதான். அக்கா சட்டென்று எழுந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். டெபோராவின் சுடிதாரையும் தலையிலிருந்த முல்லையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமிக்குப் போற பொண்ணா? இன்னும் உடுப்பு குடுக்கலியா? நல்லா இரும்மா. கடலுக்குப் போய்கினு இருக்கிற என் புள்ளைக்காக ஒரு ஜெபம் பண்ணிக்க." இரண்டு கை நெத்திலியை அள்ளிப் பையில் போட்டு, காசு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஜெர்சன் விளக்கப் போனான், அதற்குள் அக்கா அடுத்த கூறுக்குத் திரும்பிவிட்டாள். டெபோராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாவின் மகன் நிஜமாகவே அந்தத் தண்ணீருக்கு நடுவில் இருந்தான். அவள் கண்ணை மூடி அவனுக்காக ஜெபித்தாள். கண்ணைத் திறந்தபோது எதிரே அதே கடல், கரையே இல்லாததுபோல. அதன் முன்னால் தன் பயம் எத்தனை சின்னது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க, சிஸ்டர். அவங்க தெரியாம..."

"ஜெர்சன்" என்றாள். பிரதர் என்ற ஒட்டு இல்லாமல் அந்தப் பெயரை அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.

"இனிமே என்னை சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. டெபோரான்னு கூப்பிடுங்க."