மூன்றாம் சாட்சி

போன வருடம் ஆடி மாதம், விழிதியூரில் லோரான்ஸ் வீட்டுக் கூடத்தில் ஒரு மிருகத்தின் முன்பாதி வந்து நின்றது. பின்பாதி இல்லை. ரத்தமும் இல்லை.

வரவழைத்தது லோரான்ஸ்தான். பிரான்சில் ஆராய்ச்சி வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவள், யூட்டோ-அஸ்டெக் என்ற மொழிக்குடும்பத்துக்கு அகராதி எழுதிக்கொண்டிருந்தாள். அமெரிக்கப் பாலைவனங்களிலிருந்து மெக்சிகோ வரை பேசப்படும் உறவு மொழிகளை ஒப்பிட்டு, பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அவற்றைப் பேசுபவர்களின் மூதாதைகள் எதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை. ஒரு பழஞ்சொல்லுக்கு மூன்று மொழிகளிலாவது உறவுச்சொல் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது அவளே வைத்த விதி. அப்படி முறையாக மீட்ட சொற்கள் வீட்டுக்கு வருவது வழக்கம்தான். தண்ணீருக்கான சொல் முடிந்த அன்று கிணறு வழிந்தது. கல்லுக்கு வாசலில் ஒரு கல் கிடந்தது. மிருகத்தின் பெயருக்கு மட்டும் இரண்டே சாட்சிகள். பதிப்பகத்தின் கெடு நெருங்கியதால் போதும் என்று எழுதிவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது படித்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வாய் வந்துவிட்டது, வயிறு வரவில்லை. அதனால் பசி அடங்கவே இல்லை. கோழிகளைத் தின்றது, ஆட்டைத் தின்றது. எழுதிய சொல்லைக் கோடு போட்டு அடித்துப் பார்த்தாள், வந்தது போகவில்லை. வீட்டு வேலைக்கு வந்த பங்கஜவல்லி, "ஆடும் போயாச்சு. அடுத்தது யாருன்னு தெரியிற வரைக்கும் நா இருக்க மாட்டேம்மா" என்று அன்றோடு நின்றுவிட்டாள்.

பிறகு அது லோரான்ஸின் கணவர் ஆர்மானின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னயே பாக்குது லோரான்ஸ். எதாச்சும் செய்யி."

பதினோரு நாள் பழைய சொற்பட்டியல்களையெல்லாம் புரட்டினாள். மூன்றாம் சாட்சி கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அதன் பல் ஆர்மானின் சட்டைக் கையில் பட்டது. பயத்தில் லோரான்ஸ், யாரும் எங்கும் பேசாத ஒரு சொல்லைத் தானே கட்டி மூன்றாவதாக எழுதினாள்.

மிருகம் உடனே முழுதாகி, வயிறு நிறைந்து படுத்துக்கொண்டது. ஆனால் இல்லாத சாட்சிக்குப் பின்பாதி எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருந்தவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஆர்மானுக்கு நெஞ்சுக்குக் கீழே நாற்காலிதான் இருந்தது. மிருகத்தின் பின்னங்கால் முட்டியில் அவருடைய பட்டாளத்துத் தழும்பு இருந்தது.

பென்ஷனுக்கு வருடாவருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்க வேண்டும். இந்த மார்கழியில் ஆர்மானை ஆட்டோவில் தூக்கி வைத்து அலுவலகத்துக்குப் போனாள். மிருகம் பின்னால் நடந்து வந்தது. "ஆள் முழுசா வரணுங்க" என்றார் எழுத்தர் தியாகராசன். அது வந்து சேர்ந்ததும் முத்திரை குத்தினார்.

வீடு திரும்பியதும் ஆர்மான் பசிக்கிறது என்றார். லோரான்ஸ் மிருகத்துக்குச் சோறு வைத்தாள்.