சிவப்புக்குள் ஒரு நீலப் புள்ளி

திரையில் நீலப் புள்ளிகள் ஒரு பக்கமும் சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். கருப்பைவாயில் புற்று வந்து, சிகிச்சை தொடங்கும் முன் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குக் கொடுத்தவள். தட்டைச் செல்களில் தொடங்கிய புற்று என்றால் நீலம். சுரப்பிச் செல்களில் தொடங்கியது என்றால் சிவப்பு. நிறம் நோய்க்கூறு மருத்துவரின் அறிக்கையிலிருந்து வந்தது. இடம், கட்டிக்குள் எந்த மரபணு ஓங்கிப் பேசுகிறது, எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்ற கணக்கிலிருந்து வந்தது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துத்தான் போயிருந்தன, ஒரு புள்ளியைத் தவிர. சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில் ஒரு நீலம் உட்கார்ந்திருந்தது.

"யாரோ மண்டபம் மாறிப் போய் பந்தியில உக்காந்துட்டாங்க," என்றாள் உடன் வேலை செய்யும் கிருத்திகா, பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் துணுக்குகளை அரைத்து, அவற்றிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, சின்னக் குப்பிகளில் அடைத்தவள் அவள்தான். புள்ளி இடம் மாறியிருக்கிறது என்றால் குப்பி மாறியிருக்கிறது. குப்பி மாறியிருக்கிறது என்றால் கை மாற்றியிருக்கிறது. அந்தக் கை தன்னுடையது. அவளுடைய மனம் இந்தப் படிகளில் எப்போதும் சறுக்கிக்கொண்டே இறங்கிவிடும். தொம்மலூரில் தங்கியிருக்கும் அறையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை வந்தவள், பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்த நாட்கள் உண்டு. அதனாலேயே வேலையில் ஒரு குப்பியின் மூடியை அழுத்தி மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பாள். ஆனாலும் யாராவது கேட்டால், "மூடினேன்னு நினைக்கிறேன்" என்றுதான் வாயில் வரும்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தவறு செய்தவர் தானாக ஒத்துக்கொண்டால் கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் மசால் வடை வாங்கித் தர வேண்டும். அத்தோடு சரி, யாரும் மேற்கொண்டு பேசக்கூடாது. முன்பு யாரோ ஒரு பிழையை மறைக்கப்போய் எல்லோருடைய உழைப்பும் வீணானபோது, தலைமை விஞ்ஞானி ஞானசேகரன் கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல மனதோடு செய்த ஏற்பாடு. ரூபினி சேர்ந்த பிறகு வடைக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. குளிர்பெட்டிக் கதவு சரியாக மூடாமல் கிடந்தாலும் சரி, கரைசல் தீர்ந்திருந்தாலும் சரி, தானாகத்தான் இருக்கும் என்று அவளே முன்வந்து வாங்கிவிடுவாள். அவள் வாங்கிய வடைகளில் பாதி யாருடைய தவறுக்கு என்று யாருக்கும் தெரியாது.

ஞானசேகரன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"உன்னக் குறை சொல்லலம்மா. எந்த லேப்ல நடக்கல? வேற ஒருத்தரோடது ரெண்டு குப்பிலயும் போயிருக்கும். குப்பி மாறிடுச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு அந்த சாம்பிளை எடுத்துடு. ஒண்ணு போனா ஸ்டடிக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் தலையசைத்தாள். கிருத்திகா அதற்குள் கேண்டீனுக்குப் போன் செய்துவிட்டாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் புள்ளியின் எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணை ஒட்டியவள் அவளே. ஆராய்ச்சியில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். ஆனால் தமிழ் மட்டும் பேசும் பெண்கள் வந்தால் ஒப்புதல் படிவத்தைப் படித்துச் சொல்ல ரூபினியைத்தான் கீழே மருத்துவமனைக்குக் கூப்பிடுவார்கள். இந்த எண்ணுக்குரிய அம்புஜம், ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைப்பவர், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதையும், அது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்து போவதுதான், சிலரிடம் மட்டும் போகாமல் தங்கி வருஷக்கணக்கில் வேலை செய்துவிடுகிறது என்பதையும் ரூபினி நிதானமாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டு அம்புஜம் ஒன்றுதான் கேட்டார்.

"எடுத்துக்கினு போறீங்க, சரி. அதுல எதனா தெரிஞ்சா எங்கிட்ட சொல்வீங்களா?"

"இல்லம்மா. இது ஆராய்ச்சிக்கு. முடிவு உங்களுக்கு வராது."

"கறிக்கடைக்காரன்கூட வெட்னா எட சொல்றான் கண்ணு," என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

அறிக்கையில் அம்புஜத்துக்குத் தட்டைச் செல் வகை என்று இருந்தது. அதை வைத்துத்தான் இந்நேரம் கதிர்வீச்சுக்கு நாள் குறித்திருப்பார்கள். சுரப்பி வகை கதிர்வீச்சுக்கு அவ்வளவு சுலபமாக மசியாது என்று ரூபினி படித்திருக்கிறாள். வகை வேறு என்றால் அறுவை சிகிச்சையா, வேறு மருந்தா என்று மருத்துவர்கள் மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். குப்பி மாறிவிட்டது என்று அவள் ஒரு வரி எழுதினால், பேச யாருக்கும் எந்தக் காரணமும் இருக்காது.

வடை வந்தது. எல்லோரும் தின்றார்கள். அவள் பங்கு தட்டில் ஆறிக் கிடந்தது. அந்த வரியை அவள் எழுதவில்லை; திங்கட்கிழமை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மாலையில் அவளுக்கு வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்காகத் தொம்மலூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கும் தரவு ஆய்வு வகுப்பு. அன்றைய பாடம் ஏதோ ஒரு துணிக்கடையின் விற்பனைப் பட்டியல். பொருந்தாத வரிகளை நீக்கிவிட்டுக் கூட்டச் சொன்னார்கள். பக்கத்துப் பையன் ஒரே தட்டலில் நீக்கிவிட்டான். ரூபினி விரலை விசைமேல் வைத்தபடி நின்றுவிட்டாள். ஆய்வகத்திலும் இதைத்தான் செய்கிறார்கள். கட்டியிலிருந்து படிக்கும் மரபணுத் துண்டுகளில் மனிதனுடையதோடு ஒட்டாதவற்றைத் தனியே ஒதுக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்தக் குப்பையில் வைரஸ் இருக்கும். கட்டிக்குள் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கும் வைரஸ்.

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அம்புஜத்தின் எண்ணில் ஒதுக்கிய துண்டுகளை எடுத்து, வைரஸின் வகைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லோருக்கும் தொடக்கத்திலேயே பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து, எந்த வகை வைரஸ் என்று பார்த்திருந்தார்கள். அம்புஜத்துக்குப் பதினெட்டாம் வகை. அன்று அவரோடு சேர்த்து ரூபினி கையாண்ட மற்றவர்கள் எல்லோருக்கும் பதினாறு. குப்பி அவர்களில் ஒருவருடையதோடு மாறியிருந்தால் உள்ளே பதினாறு இருக்க வேண்டும்.

பதினெட்டு இருந்தது.

அவள் திரும்பவும் முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் அதுவே வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் மாற்றவில்லை என்றால் அந்தக் கட்டிக்குள் இருப்பது நிஜமாகவே சுரப்பி வகைதான். கீழே நோய்க்கூறு மருத்துவர் வெட்டிப் பார்த்த ஓரத்தில் அது தென்படாமல் இருந்திருக்கலாம். தன் கை சுத்தமாக இருப்பது அம்புஜத்துக்குக் கெட்ட செய்தி. வாழ்நாளெல்லாம் தவறு தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்தவள், இப்போது அப்படியே இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள். வடை வாங்கிக் கொடுத்துத் தீர்கிற தவறாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஞானசேகரன் பதினோரு மணிக்கு மேல் வந்தார். அவள் காட்டியதை நின்றபடியே பார்த்தவர், பிறகு உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சிருக்க. ஆனா பதினெட்டு இவங்களுக்கு மட்டுமா இருக்கு? சிவப்புல பாதிப் பேருக்குப் பதினெட்டுதான். வேற நாள் குப்பியோட மாறியிருந்தா?"

அதை அவளும் யோசித்திருந்தாள். அன்றைய காலையை மனதுக்குள் ஒவ்வொரு அசைவாக நடத்திப் பார்த்திருந்தாள். பனிக்கட்டிப் பெட்டி, அதில் அன்றைய குப்பிகள் மட்டும், மூடி அழுந்தும் சத்தம், அடுத்தது. எங்கே தடுக்கியிருக்கலாம் என்று தேடித் தேடிப் பார்த்தும் தடுக்கிய இடம் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. நினைக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அன்னிக்கு வேற நாள் குப்பி எதுவும் வெளிய இல்ல சார். நான் மாத்தல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நாளில் இந்தப் பெண் சொல்லி அவர் கேட்டிராத வாக்கியம் அது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆராய்ச்சியிலிருந்து நோயாளியின் சிகிச்சைப் பக்கம் வாயைத் திறப்பது வழக்கமில்லை என்றும், அதற்குக் கமிட்டி இருக்கிறது, கடிதம் இருக்கிறது, இதெல்லாம் முடிய மாதங்கள் ஆகும் என்றும் பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, நோய்க்கூறு மருத்துவர் நோரா இன்று பணியில் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

கீழ்த்தளத்தில் நோரா மதிய உணவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர்தான். ஞானசேகரன் சுற்றிவளைத்துச் சொல்லி முடிக்கும்வரை பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. எனக்கு வந்த சதையில் இருந்ததைத்தான் நான் எழுதினேன் என்றார். அது உண்மைதான் என்று ஞானசேகரனும் ஒத்துக்கொண்டார். துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுப் பாளம் அலமாரியில் இருக்கிறது. இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்கலாம், ஆனால் ஆழமாகப் போகப் போகச் சதை தீர்ந்துவிடும், பிறகு வேறு சோதனைக்கு மிஞ்சாது என்றார் நோரா. சொல்லிவிட்டு ரூபினி பக்கம் திரும்பினார்.

"நீதான் ஆர்என்ஏ எடுத்ததா? உள்ள அப்படி ஒண்ணுமே இல்லன்னா என்ன பண்ணுவ?"

"இல்லன்னாலும் நான் மாத்தல மேடம்."

நோரா பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

சீவும் இயந்திரத்தின் முன் அவரே உட்கார்ந்தார். சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற, பாளம் ஏறி இறங்கி, கத்தியின் விளிம்பில் மெழுகு சுருளாக உதிர்ந்தது. முதலில் வந்தவற்றையெல்லாம் தூரிகையால் ஒதுக்கித் தள்ளினார். அவை ஏற்கெனவே பார்த்த அடுக்குகளை ஒட்டியவை. பிறகு சுழற்றும் வேகம் குறைந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் போன்ற ஒரு நீண்ட நாடா கத்தியிலிருந்து இறங்கி வந்தது. அதை இடுக்கியால் தூக்கி, பக்கத்திலிருந்த வெந்நீர்த் தொட்டியின் மேல் மெல்லப் படுக்க வைத்தார். நீரின் சூட்டில் அதன் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நாடாவின் நடுவே, வெள்ளையிலும் வெள்ளையாக, நகக்கண் அளவுக்குச் சதையின் நிழல். நிறமேற்றாதவரை அதில் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. நோரா ஒரு கண்ணாடிச் சில்லை நீருக்குள் சாய்வாக இறக்கினார். தண்ணீர் அசைந்ததில் நாடா கொஞ்சம் விலகிப் போய், திரும்பி மிதந்து வந்தது. ரூபினி மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.