கட்டத்துக்குள் ஒரு வாய்தா

நீதிமன்ற நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டெல்ஃபீன் பெட்டிஸ் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு அன்று விசாரணைக்கு வருகிறது. பனிக்காலம் முழுக்க ஹீட்டர் ஓடாத வீட்டின் படங்கள் அவள் போனில் இருந்தன. நீதிபதியிடம் காட்டினால் வீடு தங்கும் என்று நம்பினாள். மகள் மார்லா காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள்.

அன்றைய புதிர் முழுக்க கோர்ட் சமாசாரம். சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது: அஃபிடவிட். நேரில் வரச் சொல்லும் ஓலை: சம்மன். அவள் பையிலேயே ஒன்று கிடந்தது. வழக்கை வேறு தேதிக்குத் தள்ளுவது மட்டும் பிடிபடவில்லை.

“வாய்தா,” என்றார் பக்கத்தில் வந்து நின்றவர். சாம்பல் நிறக் கோட்டு, கையில் காபி.

“அட, ஆமா!”

“மத்ததெல்லாம் நீங்களே போட்டதா? வக்கீலுக்குல்ல படிச்சிருக்கணும் மேடம்!”

“படிச்சிருந்தா இந்தப் பெஞ்சுல உக்காருவேனா?”

சிரித்தார். பெயர் கிரெகர். வீட்டுக்காரரின் வக்கீல் என்பதையும் சொல்லத்தான் செய்தார். சிரிப்போடு சேர்த்துச் சொன்னதில் அது அவள் மனதில் ஒட்டவில்லை.

“ஜட்ஜ் முன்னாடி நின்னு எதுக்குத் தொண்டை வத்தணும்? இங்கயே பேசி முடிச்சிருவோம். எல்லாரும் அப்படித்தான்.”

பொய்யில்லை. நடை நெடுக வக்கீல்கள் காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர் நீட்டிய காகிதத்தில் சம்மதத் தீர்ப்பு என்று தலைப்பு. உள்ளே இருந்த சொற்களெல்லாம் அவள் பல வருஷமாகக் கட்டங்களில் நிரப்பியவை. இவரிடம் போய் விளக்கம் கேட்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. புதிர் போட்ட பேனாவாலேயே கையெழுத்திட்டாள்.

உள்ளே நீதிபதி தலை நிமிரவில்லை. “உங்க கையெழுத்துதானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?”

“இல்லைங்க. ஆனா ஹீட்டர்...”

“வேற எந்தப் புகாரும் இல்லைனு எழுதிக் குடுத்திருக்கீங்களே மேடம். அடுத்த கேஸ்.”

வெளியே மார்லா மூச்சிரைக்க ஓடிவந்து காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். மாதக் கடைசிக்குள் காலி.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க? இலவச வக்கீல் பார்க்கணும், கொஞ்சம் நாள் குடுங்கனு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே! ஒரு வாய்தாம்மா. ஒரே ஒரு வாய்தா. அது கூடவா தெரியாது உனக்கு?”

டெல்ஃபீன் பழைய பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த பத்திரிகையில் அந்தச் சொல், கட்டம் பிசகாமல், அவள் கையெழுத்திலேயே இருந்தது. மகள் கண்ணில் படுமுன் அதை உள்பக்கமாக மடித்தாள்.