கழுத்துக்குக் கீழே கொக்கு

'டமார்!'

மெழுகுச் சிலைக் காட்சியகத்தின் பட்டறையிலிருந்து கணவனும் மனைவியும் கூடத்துக்கு ஓடிவந்தார்கள். விளக்கு மாட்ட வந்தவரின் ஏணி சரிந்து, மெழுகுச் சிலை ஒன்றின் தலையைப் பெயர்த்திருந்தது. மூக்கு ஒரு மூலையில், காது ஒரு மூலையில். உடம்பு மட்டும் ஒற்றைக் காலில் அசையாமல் நின்றது.

உடைந்தது கொக்கின் தலை. பிரேசில் கால்பந்து அணியின் முன்கள ஆட்டக்காரர் அவர். பந்தை உதைக்கும் முன் இடது காலை மடக்கி ஒரு கணம் நிற்பார். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் அது. ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷமாகியும், அவர் சிலையோடு படம் எடுத்துக்கொள்ள இன்றும் கூட்டம் முண்டியடித்தது.

அந்தக் காட்சியகத்தில் தலைகள் மனைவியின் கைவேலை. கழுத்துக்குக் கீழே கணவனுடையது. பாராட்டெல்லாம் கழுத்தோடு நின்றுவிடும். அவர் அதைச் சிரித்தபடி விட்டுவிடுவார். ஆனால் கொக்கின் கால்கள் அவருக்கு உயிர்.

மேனேஜர் வந்தார். ஓய்வு பெற்றவருக்கு எதற்குப் புதுத் தலை என்றார். இப்போது கொடிகட்டிப் பறக்கும் இளம் வீரனின் தலை பட்டறையில் தயாராக இருக்கிறது. அதை மாட்டி, சட்டையை மாற்றினால் வேலை முடிந்தது.

அந்தப் பையன் இப்படி நிற்கவே மாட்டான், உடம்பையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார் கணவன்.

"தலைதான்யா ஆளு. காலை யாரு பாக்கப் போறா?"

கணவனின் முகம் சுண்டிப்போனது. மனைவி குறுக்கே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்க்கலாம். ஜனங்கள் ஏற்றுக்கொண்டால் கொக்கை வார்த்த அச்சையும் சேர்த்து உடைத்துவிடலாம். இல்லையென்றால் பழைய தலையையே திரும்பச் செய்வாள்; பிறகு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வீட்டில் கணவன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். இளம் வீரனுக்கு அவள் செய்த தலை அச்சு அசல். அது ஜெயிக்கும், தன் கால்களுக்குத்தான் சமாதி என்று புலம்பினார்.

"நீங்க செஞ்ச காலை நீங்களே நம்பலைன்னா எப்படிங்க? நான் நம்புறேன். சாப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்தது. புதுத் தலை, நீலச் சட்டை, கீழே புதுப் பெயர்ப் பலகை. மேனேஜர் கைகட்டிப் பக்கத்திலேயே நின்றார். கணவனும் மனைவியும் தூணோரம்.

முதலில் வந்தது காக்கி உடுப்பு மாற்றாத ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் பலகையைப் படித்துவிட்டு, போனைத் தூக்கி, கிட்டப் போய் நில்லுங்கள் என்றாள்.

டிரைவர் பலகையைப் பார்க்கவில்லை. மடங்கிய முழங்காலைப் பார்த்தார். மெல்ல மேலே பார்த்தார். திரும்பவும் கீழே. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலை மடக்கி, சிலையின் பக்கத்தில் அதே மாதிரி ஒற்றைக் காலில் நின்றார். பின்னால் வந்த நாலைந்து பேரும் சிரித்தபடி காலை மடக்கினார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் டிரைவர் மேனேஜரிடம் வந்தார்.

"எங்க கொக்குக்கு எதுக்கு சார் முகமூடி போட்டு வச்சிருக்கீங்க?"